ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்ட ஆறுமணிக்குருவி

எங்கள் ஊரில் ஒரு விஷயத்துக்கு விழா எடுத்தால்தான் அது உலகத்தில் இருப்பதாகவே ஒப்புக்கொள்வார்கள். ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக் கரையில் பறவைகள் அதுபாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு தை மாதம் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, பறவைத் திருவிழா என்று தெருமுனையில் பேனர் கட்டினார்கள். பேனரில் ஒரு பஞ்சவர்ணக் கிளி இருந்தது. பாவம், அது தென்னமெரிக்கக் காட்டில் எங்கேயோ பழம் கடித்துக்கொண்டிருக்க வேண்டியது. அதைவிடப் பெரிதாக, பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு சங்கத்தின் செயலாளர் நின்றார். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடென்றால் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம். பறவைத் திருவிழாவில் கிளியாக இருக்க முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம் இருந்திருக்கும்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குப் பறவைகள் மேல் பெரிய பக்தி கிடையாது. பக்தியெல்லாம் என் கணவருக்கு. அவர் வங்கியில் வேலை பார்த்தார். லால்குடி கிளையில் இருந்த வருஷங்களில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். வயல் வரப்பில் நின்று நாரையும் கொக்கும் பார்த்துவிட்டு, செருப்பில் சேறோடு வந்து கவுண்டரில் உட்காருவார். என் பிறந்த நாள் அவருக்கு நினைவிருந்ததில்லை. ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகு எந்தப் பறவை எந்த மரத்துக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தப்பாகப் பேர் சொல்கிறவர்களை அவர் சும்மா விட்டதே இல்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட, யாரோ கழுகு என்று சொன்னதற்கு, அது பருந்து என்று ரசம் ஆறும்வரை விளக்கியவர்.

அந்த மனிதருக்குக் கண் போனது. கண்ணில் நீர் அழுத்தம் என்று டாக்டர் கண்டுபிடித்தபோதே பாதி போயிருந்தது. மீதியும் மெல்ல மெல்லக் கரைந்தது. இப்போது வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் வந்தால் நிழல் தெரியும், அவ்வளவுதான். பைனாகுலரை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, கரைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். அங்கே போய் என்ன பண்ணுவது என்று கேட்டார். 

இந்த நிலைமையில்தான் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். விழாவில் பறவைச் சத்தம் கேட்டு அடையாளம் சொல்லும் நடை ஒன்று இருக்கிறதாம், அதை இவர்தான் நடத்தித் தர வேண்டுமாம். இவரைப் போல ஒருத்தர் இந்த வட்டாரத்திலேயே கிடையாதாம். இவர் முதலில் முடியாது என்றார். அப்புறம் யோசிக்கிறேன் என்றார். செயலாளர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் சரி என்றுவிட்டார். இரண்டு நிபந்தனை மட்டும் போட்டார். விடிவதற்கு முன்னால் நடையைத் தொடங்க வேண்டும், மைக் கூடாது. செயலாளர் இரண்டுக்கும் தலையை ஆட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

மறுநாளிலிருந்து என் கணவர் விடியற்காலை எழுந்து பால்கனியில் உட்கார ஆரம்பித்தார். சத்தம் ஒவ்வொன்றாக வர வர, பேரைச் சொல்வார். நான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு தடவையும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. தையல்சிட்டு, புள்ளி ஆந்தை, செம்போத்து எல்லாம் சரியாகச் சொன்னார். தூரத்தில் எங்கேயோ மீன்கொத்தி கத்தியது, அதையும் விடவில்லை. விழாவுக்கு முந்தின நாள் காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"கண்ணு போனா போகுது. காதை மட்டும் வச்சுக்கிட்டு நான் பழைய ஆளாவே இருக்க முடியுமா முடியாதான்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பழி போட ஒரு வெங்காயம்கூடக் கையில் இல்லை.

விழா நாளன்று இருட்டோடு கிளம்பிக் கரைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது மைக்செட். பந்தல், நாற்காலி, குத்துவிளக்கு, இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. சங்கத்துக்காரர்கள் எல்லாரும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். பறவை பார்க்கப் போகிறவன் செடியோடு செடியாகத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர்கள் சாலை போடுகிற இடத்தில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். ஒரு பக்கம் அண்டாவில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் மாறுவேடப் போட்டிக்குக் குழந்தைகளுக்கு மயில் தோகை கட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகில் குத்துகிறது என்று ஒரு மயில் தேம்பித் தேம்பி அழுதது. அங்கே உண்மையாக இருந்த ஒரே சத்தம் அதுதான்.

எப்போது கிளம்பலாம் என்று என் கணவர் கேட்டார். தலைமை விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார் என்றார் செயலாளர். எங்கள் ஊரில் தலைமை விருந்தினர் வராமல் ஒன்றும் தொடங்காது. காது குத்துவதாக இருந்தாலும் சரி, கணினி மையம் திறப்பதாக இருந்தாலும் சரி, முதலில் அவர் வர வேண்டும், விளக்கேற்ற வேண்டும், பொன்னாடை போர்த்திக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வரவேண்டியவர் ஒரு ரியல் எஸ்டேட் அதிபர். பறவைகளுக்கும் அவருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவை இறங்கிக்கொண்டிருந்த குளங்களை மேடாக்கி மனை போட்டு விற்றவர் அவர்தான்.

கிழக்கு வெளுத்தது. சூரியனுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது, அது நேரத்துக்கு வந்துவிட்டது. மேகமூட்டம் என்றாலும், ஆற்று மணலில் நத்தைகுத்தி நாரைகளும் வெள்ளைக் கொக்குகளும் வரிசையாக நிற்பது எனக்கே தெரிந்தது. என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஸ்பீக்கரில் யாரோ ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் ஏதோ ஒன்று அவர் காதில் விழுந்திருக்கும். உதடு அசைந்து அசைந்து நின்றது.

அப்புறம் டிரோனைப் பறக்க விட்டார்கள். விழாவை மேலேயிருந்து வீடியோ எடுக்க வேண்டுமாம். அது குளவி மாதிரி இரைந்துகொண்டு மணலைப் பார்க்கப் போனது. அத்தனை பறவையும் ஒரே சமயத்தில் எழும்பி, அக்கரை தாண்டிப் போய்விட்டது. கூட்டம் கை தட்டியது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், பறவை பார்க்க வந்த கூட்டம், பறவைகள் ஊரைவிட்டு ஓடுவதைப் பார்த்துக் கை தட்டியது.

அதிபர் வந்தபோது வெயில் ஏறியிருக்க வேண்டிய நேரம். மேகம் இருந்ததால் தப்பித்தோம். அவரை வரவேற்க, எங்கள் ஃபிளாட் பிள்ளையார் கோயிலிலிருந்து மின்சார மேளத்தைத் தூக்கி வந்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டால் தானே மணியும் அடித்துத் தானே முரசும் கொட்டுமே, அந்த மெஷின். அது அடித்த அடியில் கரையில் மிச்சமிருந்த காக்கையும் போயிற்று. விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், வரவேற்புரை படித்தார்கள். ஒருவழியாக, அடுத்ததாகப் பறவை நடை என்று மைக்கில் சொன்னபோது மணி ஒன்பதரை.

வேண்டாங்க, வீட்டுக்குப் போயிடலாம் என்று அவர் காதில் சொன்னேன். கூப்பிட்டதுக்கு வந்தோம், செய்துவிட்டுப் போவோம் என்று என் தோளில் கையை வைத்துக்கொண்டு எழுந்தார். கரையோரம் புங்க மரங்கள் அடர்ந்த வளைவு வரைக்கும் கூட்டம் பின்னாலேயே வந்தது. பொங்கல் தட்டோடு வந்தவர்களும் உண்டு. அங்கே நின்று, எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். என்ன அதிசயமோ, பேசாமல் இருந்தார்கள்.

மரத்துப் பக்கமிருந்து விசில் கேட்டது. இரண்டே சுரம், ஒன்று ஏறி ஒன்று இறங்கி. கொஞ்சம் விட்டு மறுபடியும்.

என் தோளில் இருந்த கை இறுகியது. அவர் முகத்தை அப்படி நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. "வந்துடுச்சு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இது ஆறுமணிக்குருவி என்று சொன்னார். பச்சை முதுகும் வயிற்றடியில் சிவப்புமாக, புதருக்குள் சருகைப் புரட்டித் திரிகிற சின்னப் பறவை. வடக்கே இருந்து பனிக்காலத்துக்கு இங்கே வரும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். கரையில் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்த பிறகு இந்த இடத்தில் அதை அவர் கேட்டதே இல்லை, இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது.  ஒன்பதரை மணிக்கு ஏன் கூப்பிடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே அதற்கும் காரணம் சொன்னார். மேகமூட்டம், வெளிச்சம் மங்கல், அதனால் நேரம் தப்பிக் கூப்பிடுகிறது என்றார். வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால், காதைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்.

நான் மேலே பார்த்தேன். புங்கக் கிளையில் கைக்கு அடக்கமான கறுப்பு ஸ்பீக்கர் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அதில் நீல விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது.

நான் மட்டும் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம் பார்த்தன. ஒருத்தன் இன்னொருத்தனை முழங்கையால் இடித்தான். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தர் செல்போனில் என் கணவரைப் படம் பிடித்தார், ஸ்பீக்கரும் சேர்ந்து விழுகிற மாதிரி. பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தலை குனிந்து கும்பிட்டார்.

அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டேன். அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. டிரோனில் பறவையெல்லாம் போய்விட்டது, இவ்வளவு ஜனம் வந்து ஒரு சத்தம்கூடக் கேட்காமல் போனால் சங்கத்துக்கு என்ன மரியாதை, அதனால் நெட்டிலிருந்து நல்ல குரலாக ஒன்றை எடுத்துப் போடச் சொன்னேன் என்றார். அதிபர் வரும்வரை ஆன் பண்ண வேண்டாம் என்று செயலாளரே நிறுத்தி வைத்திருந்தாராம். குருவி தலைமை விருந்தினருக்காகக் காத்திருந்திருக்கிறது! என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானம் வேறு சொன்னார்.

"நம்ம ஃபிளாட் பிள்ளையாருக்கு மெஷின் மேளந்தானே மேடம் அடிக்கிறோம். அதுக்காகப் பூஜை பொய்யின்னு ஆயிடுமா? சாரைப் பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்காரு."

"பிள்ளையாருக்குக் கண்ணு தெரியும்" என்றேன்.

அதற்கு மேல் அந்த ஆளிடம் பேச எனக்கு வாய் கூசியது. கெட்டவன் என்றால்கூட ஒரு மரியாதை இருக்கும். இவர்கள் நல்லவர்கள். நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிற ஜென்மங்கள்.

பந்தலில் என் கணவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் என்ன பேசப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கரைக்கு ஆறுமணிக்குருவி திரும்பிவிட்டது என்று இத்தனை பேருக்கு முன்னால் மைக்கில் சொல்வார். உண்மை தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். விட்டுவிடேன், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று என் மனசே ஒரு பக்கம் சொன்னது. அந்த யோசனை எனக்கு அருவருப்பாக இருந்தது. ஐயோ பாவம் என்று ஒரு மனிதனை ஏமாற்றுவதைவிட அவனை அறைந்துவிடலாம். மேடைப் படிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன்.

"ஏங்க, அது குருவி இல்லை. மரத்துல ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தலையை மரங்கள் பக்கம் திருப்பினார். "ஒரே இடத்துலேருந்துதான் வந்துது. நகரவே இல்லை" என்றார். பிறகு என் கையை விட்டுவிட்டு, கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பிடித்து மேலே ஏறினார்.

மைக்கில் அவர் பேசியது கொஞ்சம்தான். சற்று முன் ஆறுமணிக்குருவி என்று நான் சொன்னது தப்பு, அது மெஷின், தெரியாமல் சொல்லிவிட்டேன், யாரும் அதை நம்பிக்கொண்டு போய்விடாதீர்கள் என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. சாரின் நகைச்சுவை உணர்வுக்கு நன்றி என்றார் நிகழ்ச்சித் தொகுப்பாளர். செயலாளர் ஓடி வந்து பொன்னாடை போர்த்தினார். அடுத்துப் பேசிய அதிபர், இப்படிப்பட்ட அரிய பறவைகள் வாழ்கிற பகுதியில் மனை வாங்கிக் குடியேறுவது பூர்வ ஜென்மப் புண்ணியம் என்றார். அதற்கும் கை தட்டினார்கள். அவர்களுக்குக் கை இருப்பதே அதற்குத்தான்.

ஆட்டோவில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். நான் செயலாளரையும் அவருடைய பரம்பரையையும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். தெரு திரும்பும்போது இவர் சொன்னார்:

"அவங்களை விடு. எனக்கு வித்தியாசம் தெரியலையே. இனிமே நிஜமாவே ஒண்ணு கூப்பிட்டாலும் நான் எப்படி நம்புறது?"

யாருக்கும் தெரிந்திருக்காது, அதுவும் பறவையின் குரல்தானே, எங்கேயோ ஒரு நிஜக் குருவி கூப்பிட்டதைத்தானே பதிவு செய்திருக்கிறார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். சரி, சரி என்றார். மேடைப் படியில் அவரிடம் உண்மையைச் சொன்னது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. மறுபடி நடந்தாலும் சொல்வேன். ஆனால் மறுநாள் காலை அவர் பால்கனிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. எழுந்ததும் டிவியைப் போட்டுவிடுவார். அதில் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் கத்திக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் அதை நாய்ச்சண்டை என்று சொல்லி அணைத்தவர், இப்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கத்திலிருந்து விழா வீடியோவை எனக்கு அனுப்பினார்கள். பாட்டெல்லாம் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அந்த ஸ்பீக்கரின் குரல் பாட்டுக்கு நடுவே இரண்டு இடத்தில் வந்தது. பார்த்து முடித்த கையோடு அழித்தேன்.

மாசியில் ஒரு காலை, கரண்ட் போய் வீடு அமைதியாக இருந்தது. எதிர்வீட்டு வேப்ப மரத்திலிருந்து புல்லாங்குழல் ஊதுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் எனக்கே தெரியும். சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தேன். அவர் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு செல்லு அடிக்குது, பாரு" என்றார்.

"செல்லு இல்லைங்க, மாங்குயில். எதிர்வீட்டு வேப்ப மரத்துல உக்காந்திருக்கு, மஞ்சளாத் தெரியுது."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு பறவையைக்கூட அவர் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. அலகு என்ன நிறம், கண்ணோரம் கறுப்பு இருந்ததா, இறக்கையில் எங்கே கோடு என்று போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிப்பார். கடைசியில், உனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று தள்ளிவிடுவார். எத்தனையோ நாள் அதற்காகச் சண்டை போட்டு, சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கேள்விகளுக்காகப் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாங்குயில் மறுபடியும் கூப்பிட்டது.

"நீ பாத்தா சரிதான்" என்று சொல்லிவிட்டு, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார்.